பீலிக்கு மேலே உள்ள சதுப்பைப் பெயர் சொல்லி அறிவோம்

(தோட்டப் பிரிவொன்றில் நடந்த மாதாந்தக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நான் பேச வந்திருப்பது புதரைப் பற்றி. "சம்பளத்தைப் பத்தி இல்ல, வீட்டைப் பத்தி இல்ல, புதரைப் பத்தி என்னா பேச்சு?" என்று சிலர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. காரணம் இருக்குங்க. நமது பீலிக்கு மேலே, தேயிலை மலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் ஒரு சதுப்பு இருக்கிறது. அதில் கான் வெட்டித் தண்ணீரை வடிய விட்டால் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் மரக்கறி போடலாம் என்று ஒரு மனு வந்திருக்கிறது.

மனுக் கொடுத்தவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. ஒரு பேர்ச் காணிக்கும் அலைகிற சனம் நாங்கள். இரண்டு பாத்தி லீக்ஸ், இரண்டு பாத்தி கரட் போட்டால் பிள்ளைகளின் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் ஆகும். அதனால் மனுவைத் தட்டிவிட நான் வரவில்லை. ஆனால் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு முடிவு எடுப்போம் என்று கேட்க வந்திருக்கிறேன்.

போன கிழமை இதைச் சொன்னபோது ஒரு அக்கா கேட்டார்: "ஐயா, புதருக்குப் பேர் வச்சா பீலியில தண்ணி கூட வருமா?" நல்ல கேள்வி. கூட வராது. ஆனால் பேர் இல்லாத இடத்துக்கு என்ன நடக்கும் என்று பாருங்கள். தேயிலை மலைக்கெல்லாம் நம்பர் இருக்கிறது. தவறணைக்கு ஒரு இடம், தொழிற்சாலைக்கு ஒரு இடம் என்று படத்தில் குறித்திருக்கிறது. சதுப்புக்கு மட்டும் ஒன்றும் இல்லை, வெறும் நிலம். வெறும் நிலத்தைப் பார்த்தால் யாருக்கும் எதையாவது செய்யத்தான் தோன்றும். துரைக்கு டர்பன்டைன் மரம் நடத் தோன்றும், நமக்கு மரக்கறி போடத் தோன்றும். பேரும் விவரமும் இருந்தால் கேள்வி கேட்க ஒரு பிடி கிடைக்கும்.

தரம் பிரிப்பது நமக்குப் புதிதல்ல

செடிக் கூட்டங்களை வகை பிரிப்பது பெரிய படிப்புப் படித்தவர்களின் வேலை என்று நினைக்காதீர்கள். வெளியூர்க்காரன் ஒருவன் பஸ்ஸில் போகும்போது இந்த மலையைப் பார்த்தால் எல்லாம் ஒரே பச்சை. உங்களுக்கு அப்படியா? இது விதைத் தேயிலை, அது வி.பி. தேயிலை, இது டி.ஆர்.ஐ. 2025, இது கவ்வாத்து வெட்டி இரண்டு வருஷமான மலை என்று தூரத்தில் நின்றே சொல்லிவிடுவீர்கள். தொழிற்சாலையில் ஒரே கொழுந்து சல்லடையில் விழுந்து பி.ஓ.பி. ஆகவும், பி.ஓ.பி.எப். ஆகவும், டஸ்ட் ஆகவும் பிரிகிறது. பிரித்தால்தான் ஒவ்வொன்றுக்கும் விலை தெரியும். கலந்து கொட்டினால் எல்லாம் தூள்.

நமது மலைநாட்டுச் சதுப்பும் அப்படித்தான். பார்க்கிறவனுக்கு வெறும் புதர். பிரித்துப் பார்த்தால் அதற்குள் நாலைந்து குடியிருப்பு இருக்கு.

பத்தனை என்ற சொல்

அக்கரப்பத்தனை, தலவாக்கலைப் பக்கத்துப் பத்தனை என்று ஊர்ப் பெயராக எல்லோருக்கும் தெரியும். பத்தனை என்பது சிங்களத்தில் மலையிலுள்ள திறந்த புல்வெளி. கோப்பியும் தேயிலையும் வரும் முன்னே இருந்த நிலம் அது.

1899 ஆம் ஆண்டு பியர்சன் என்ற தாவரவியலாளர் இலங்கைப் பத்தனைகளைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். ஈரப் பத்தனை, உலர் பத்தனை என்று இரண்டாகப் பிரித்துப் பார்த்தவர் அவர். உலர் பத்தனை ஊவாப் பக்கச் சரிவுகளில், மானாப்புல் நிறைந்து, வெயில் காலத்தில் காய்ந்து மஞ்சளாகும். ஈரப் பத்தனை உயரத்தில், கறுப்பு மண்ணும் மூடுபனியும் உள்ள இடத்தில் இருக்கும். 1940களில் டி றொசாயிறோவும், 1951 இல் ஹோம்ஸும், 1979 முதல் பெமதாசவும் முல்லர் டொம்புவாவும் இதையே மேலும் நுணுக்கமாக ஆராய்ந்தார்கள். நூறு வருஷத்துக்கு மேலாக இந்தப் புல்லையும் புதரையும் பார்த்து எழுத ஆட்கள் இருந்திருக்கிறார்கள். அவ்வளவு விஷயம் அதில் இருக்கிறது.

ஈரப் பத்தனையைக் கண்ணால் பார்க்கச் சிறந்த இடம் ஹோர்ட்டன் சமவெளி. டயகமத் தோட்டத்திலிருந்து பார்த்தால் அது அடுத்த வீடு மாதிரி. ஏறக்குறைய 2,100 மீற்றர் உயரம், 3,160 ஹெக்டயர், அதாவது 7,800 ஏக்கர் அளவு. 1969 இல் பாதுகாக்கப்பட்ட இடமாகி, 1988 இல் தேசியப் பூங்காவாகி, 2010 இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் தண்ணீர் அங்கிருந்து போகிறது. ஆக்ரா ஓயா அங்கே பிறந்து, நம் தோட்டங்களுக்கு நடுவே ஓடி, கொத்மலை ஓயாவில் சேர்ந்து, மகாவலிக்குப் போகிறது. 2012 இல் திறந்த மேல் கொத்மலை மின் நிலையத்துக்கும் அந்தத் தண்ணீர் போகிறது.

ஓடையிலிருந்து மேட்டுக்கு ஏறினால்

அங்கே ஓடைக்கரையில் இறங்கி நின்று, மெதுவாக மேட்டுப் பக்கம் ஏறுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தண்ணீருக்குள்ளேயே ஒரு செடி. அப்போனோஜீட்டன் ஜேக்கப்செனி என்று பெயர். உலகத்தில் இலங்கையைத் தவிர வேறு எங்கும் இல்லை. பக்கத்திலேயே யூட்ரிகுலேரியா என்று ஒரு சின்னச் செடி. சிறு பைகளை வைத்துத் தண்ணீர்ப் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும்.

அடுத்தது கரை. குட்டை மூங்கில் நெருக்கமாக நிற்கும். முன்பு அருண்டினேரியா என்றார்கள், பிறகு சைனருண்டினேரியா என்றார்கள். நன்றாக ஆராய்ந்த பின் 2014 இல் குருண என்று புதிய பேரினம் வகுத்து அதில் சேர்த்தார்கள். மூங்கில் மாறவில்லை, அதைப் பற்றி நமக்குத் தெரிந்தது கூடியது, பெயர் மாறியது.

கரைக்கு அப்பால் கால் புதைகிற சதுப்பு. ஜங்கஸ் என்ற கோரை, கார்னோஷியா புல், பொத்தான் மாதிரி வெள்ளைத் தலை வைத்த எரியோகோலன், ஊதாப் பூப் பூக்கிற பினர. சில இடங்களில் ஸ்பக்னம் என்ற பாசி. இது கடற்பஞ்சு மாதிரி. காய்ந்த எடையைப் போல பதினைந்து இருபது மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இன்னும் கொஞ்சம் ஏறினால் மண் ஈரமாக இருக்கும், தண்ணீர் நிற்காது. அங்கே குத்துப் புற்களுக்கு நடுவே புதர்கள். மஞ்சள் பூவுள்ள ஹைபெரிக்கம். கசக்கினால் தைல வாசம் வரும் வெல் கப்புறு. கோணல் மாணலாக வளர்ந்து சிவப்பாகப் பூக்கும் மகா ரத்மல் மரம். இந்த ரத்மலின் உறவுக்காரர்கள் இமயமலையில் இருக்கிறார்கள். அதையும் தாண்டினால் கீன மரமும் நெலுவும் உள்ள முகில் காடு.

ஒரு குழந்தை நடக்கக்கூடிய தூரத்துக்குள் இத்தனையும் மாறுகிறது. எதனால் மாறுகிறது? தண்ணீர் எவ்வளவு நாள் நிற்கிறது, கறுப்பு மண் எவ்வளவு ஆழம், இரவில் உறைபனி எங்கே தங்குகிறது, எங்கே தீப் பட்டது, எங்கே மாடும் மரையும் மேய்ந்தது: இவைதான் காரணம். அதனால் செடிக் கூட்டத்தைப் பார்த்தே நிலத்தின் நடப்பைச் சொல்லலாம். கோரை நிற்கிற இடத்தில் தண்ணீர் நிற்கிறது என்று மண் தோண்டாமலே தெரியும்.

எப்படிக் கணக்கெடுக்கிறார்கள்?

ஆராய்ச்சிக்காரர்கள் நாலு குச்சியை அடித்துக் கயிறு கட்டி ஒரு கட்டம் போடுவார்கள். புல் பூண்டுக்குச் சின்னக் கட்டம், புதருக்குப் பெரிய கட்டம். அதற்குள் என்னென்ன செடி, ஒவ்வொன்றும் எவ்வளவு இடத்தை மூடுகிறது, என்ன உயரம் என்று எழுதுவார்கள். சுவிற்சர்லாந்தில் பிறந்த பிரவுன் பிளாங்கே என்பவர் கொண்டுவந்த அளவுமுறை உலகம் முழுவதும் பாவனையில் இருக்கிறது. முக்கால் பங்குக்கு மேல் மூடினால் 5, பாதிக்கு மேல் 4, கால் பங்குக்கு மேல் 3, நூற்றுக்கு ஐந்துக்கு மேல் 2, அதற்கும் குறைவு என்றால் 1. ஒன்றிரண்டுதான் என்றால் ஒரு கூட்டல் குறி. கணக்கப்பிள்ளையின் செக்ரோலை விட இது கஷ்டம் இல்லை.

இப்படி நிறையக் கட்டங்களை எடுத்து, ஒன்றின் பக்கத்தில் ஒன்றை வைத்துப் பார்க்கும்போது சில செடிகள் எப்போதும் சேர்ந்தே நிற்பது தெரியும். அந்தச் சேர்க்கைக்குத்தான் செடிக் கூட்டம் என்று பெயர். அதில் தலைமையாக நிற்கும் செடியின் பெயரையும், அங்கே மட்டும் காணப்படும் செடியின் பெயரையும் வைத்து அழைப்பார்கள்.

செடி அரிதா, சேர்க்கை அரிதா?

இதுதான் இன்றைய பேச்சில் முக்கியமான இடம், கொஞ்சம் கவனியுங்கள். "இந்தச் செடி வேற எங்கயும் இருக்கே, இதுல என்னா அருமை?" என்று கேட்கலாம். காமன் கூத்தை நினைத்துப் பாருங்கள். தப்பு அடிக்கிறவர் எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறார். வேஷம் கட்டுகிற பையன் இருக்கிறான். பாட்டுத் தெரிந்த வாத்தியார் இருக்கிறார். ஆனால் எல்லாரும் ஒரே பொட்டலில் கூடி, காமன் நட்டு, முறையாக ஆடுகிற தோட்டம் எத்தனை? ஆட்கள் இருந்தும் கூத்து இல்லாமல் போகலாம். அதே மாதிரி, செடிகள் தனித்தனியே எங்கெங்கோ இருக்கும். அவை கூடி வாழும் சதுப்பு இல்லாமல் போகும்.

இதனால் செடிப் பட்டியல் மட்டும் போதாது என்று கண்டு, இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் 2014 இல் சூழல்தொகுதிகளுக்கும் ஒரு சிவப்புப் பட்டியல் முறையை ஏற்றுக்கொண்டது. அதில் கேட்கும் கேள்விகள் நாமும் கேட்கக்கூடியவை. இந்த வகை நிலத்தின் பரப்பு குறைந்துகொண்டு போகிறதா? மிச்சம் இருப்பது மிகச் சின்ன இடத்துக்குள் முடங்கிவிட்டதா? மண்ணும் தண்ணீரும் கெட்டுப்போகிறதா? அங்கே வாழும் உயிர்களின் ஒழுங்கு குலைகிறதா? இப்படியே போனால் எத்தனை வருஷம் தாங்கும் என்று கணக்குப் போட முடியுமா?

மலைநாட்டுச் சதுப்பை வைத்து இந்தக் கேள்விகளைக் கேட்டால் மனசு கனக்கும். வெள்ளைக்காரன் காலத்தில், 1873 இல், ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியலாளரின் ஆலோசனைப்படி 5,000 அடிக்கு மேலுள்ள காட்டை வெட்டக்கூடாது என்று உத்தரவு வந்தது. காடு என்றால் மரம். புல்லும் புதரும் உள்ள சதுப்பில் வெட்ட மரம் இல்லை. அதனால் யாருடைய கணக்கிலும் அது பெரிதாக வரவில்லை. அம்பேவெல, போபத்தலாவப் பக்கத்துப் பத்தனை மாட்டுப் பண்ணையானது. வேறு இடங்கள் மரக்கறித் தோட்டமும் டர்பன்டைன் தோப்பும் ஆயின. ஹோர்ட்டன் சமவெளியிலேயே 1960களில் விதை உருளைக்கிழங்கு போட்டார்கள். அதைக் கைவிட்டுப் பல தசாப்தங்கள் ஆன பிறகும் உழுத இடம் எது, உழாத இடம் எது என்று செடியைப் பார்த்தே பிரித்துச் சொல்கிறார்கள். கோர்ஸ் என்று மஞ்சள் பூவுள்ள முட்செடி ஒன்று, ஐரோப்பாவிலிருந்து வந்தது, அங்கே பரவி நிற்கிறது. பிடுங்கினாலும் விதை மண்ணுக்குள் பல வருஷம் உயிரோடு கிடக்கும்.

ஈர நிலங்களைப் பாதுகாக்கும் ராம்சார் உடன்படிக்கையில் இலங்கை 1990 இல் சேர்ந்தது. 2013 வரை ஆறு இடங்கள் அந்தப் பட்டியலுக்குப் போயின: பூந்தல, ஆனவிலுந்தாவ, மாதுகங்கை, வங்காலை, குமண, வில்பத்து. எல்லாம் நல்ல இடங்கள். ஆனால் ஆறும் கீழ் நாட்டில். மலை மேலே இருக்கும் ஈர நிலம் ஒன்றுகூட அதில் இல்லை.

தண்ணீர்க் கணக்கு

இப்போது அந்த அக்காவின் கேள்விக்கு வருவோம்.

சதுப்பின் கறுப்பு மண் எப்படி வந்தது? குளிரிலும் ஈரத்திலும் செத்த செடி முழுவதும் மக்குவதில்லை. மேலே மேலே படிந்து பீட் மண்ணாகிறது. மிக மிக மெதுவான வேலை. ஹோர்ட்டன் சமவெளிச் சதுப்பு மண்ணில் சிக்கியிருந்த மகரந்தத்தை ஆராய்ந்து, ஏறக்குறைய 24,000 வருஷத்து மழை வெயில் வரலாற்றை 2003 இல் எழுதியிருக்கிறார்கள். அவ்வளவு பழைய மண்.

அந்த மண் மழையைக் குடித்து வைத்து, மழை நின்ற பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய விடும். அதன் மேலுள்ள புதரும் பாசியும் மூடுபனியிலிருந்து ஈரத்தைப் பிடித்துக் கீழே சொட்ட விடும். ஜனவரி, பெப்ரவரி மாதத்தில் மழையில்லாத நாளிலும் பீலியில் நூல் மாதிரியாவது தண்ணீர் விழுகிறதே, அது முந்திய மாதத்து மழை.

கான் வெட்டினால் என்ன ஆகும்? முதல் வருஷம் நன்றாகத்தான் இருக்கும். மண் கறுப்பாக இருப்பதால் கோவா பெரிதாக வரும். ஆனால் காற்றுப் பட்டதும் பீட் மண் காய்ந்து, சுருங்கி, மக்கிக் குறையத் தொடங்கும். ஒரு தரம் நன்றாகக் காய்ந்துவிட்டால் பழையபடி தண்ணீரைக் குடிக்காது. மழைத் தண்ணீர் கான் வழியே அன்றைக்கே ஓடிவிடும். கீழே இருக்கிற லயத்துக்கு மழைக்காலத்தில் கலங்கல், வெயில் காலத்தில் வறட்சி. அதோடு பாத்திக்குப் போடும் உரமும் மருந்தும் சரிவில் இறங்கி எங்கே வரும்? பீலிக்குத்தான். அந்தத் தண்ணீரில்தான் பிள்ளைக்குப் பால்மா கரைக்கிறோம். வெயில் காலத்தில் பீலி நின்றால் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த பிரிவுக்கு நடப்பது யார் என்று இங்கே உள்ள தாய்மாருக்குச் சொல்லத் தேவையில்லை.

பத்துப் பன்னிரண்டு குடும்பத்துக்கு மரக்கறி கிடைக்கும். பீலியை நம்பி இருக்கிற அத்தனை குடும்பத்துக்கும் தண்ணீர் குறையும். இந்த இரண்டையும் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மனுவுக்கு என்ன பதில்?

என் யோசனையைச் சொல்கிறேன். சரியில்லை என்றால் சபையில் சொல்லுங்கள்.

முதலாவது, மரக்கறி நிலம் தேவை என்ற கோரிக்கை நிற்கட்டும். அதைச் சதுப்பிலிருந்து பிரித்து, கைவிட்ட பழைய தேயிலை உள்ள காய்ந்த சரிவில் இடம் தரும்படி நிர்வாகத்திடம் கேட்போம். கல் கட்டி, கான் போட்டு, மண் கழுவாமல் பயிரிடலாம். மனுவை அப்படித் திருத்தி எழுத நான் உதவி செய்கிறேன்.

இரண்டாவது, சதுப்பை நாமே பதிவு செய்வோம். பாடசாலைப் பிள்ளைகளும், புல் வெட்டப் போகிறவர்களும், விறகுக்குப் போகிற அம்மாமாரும் சேர்ந்து செய்யக்கூடிய வேலை. ஓடையிலிருந்து மேடு வரை நாலு இடத்தில் கயிற்றுக் கட்டம் போட்டு, தெரிந்த செடிக்குத் தெரிந்த பெயரை எழுதுங்கள். தமிழ்ப் பெயரோ சிங்களப் பெயரோ பரவாயில்லை. பெயர் தெரியாவிட்டால் இலையையும் பூவையும் வரைந்து, உயரத்தை எழுதுங்கள். ஒரு கம்பியைக் குத்திக் கறுப்பு மண் எவ்வளவு ஆழம் என்று அளந்து எழுதுங்கள். செடியைப் பிடுங்க வேண்டாம். மழைக்காலத்தில் ஒரு தரம், வெயில் காலத்தில் ஒரு தரம் செய்தால் போதும். அதே நாளில் பீலியில் ஒரு வாளி நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்றும் குறித்துவையுங்கள்.

மூன்றாவது, அந்தப் பதிவைக் கொண்டு போய் தோட்டப் படத்தில் அந்த இடத்தை நீரூற்று நிலம் என்று குறிக்கும்படி கேட்போம். செடியின் விஞ்ஞானப் பெயரைச் சரிபார்க்கப் பேராதனை தாவரவியற் பூங்காவில் தேசிய உலர்தாவரச் சேகரிப்பு இருக்கிறது. ஹக்கலைப் பூங்கா நமக்கு இன்னும் கிட்ட. படத்தையும் குறிப்பையும் அனுப்பி விசாரிக்கலாம்.

நம் சதுப்பு ஹோர்ட்டன் சமவெளி அளவுக்குப் பெரிதாக இருக்காது. அங்கே உள்ள எல்லாச் செடியும் இங்கே இருக்கும் என்றும் நான் சொல்ல மாட்டேன். அதற்காகத்தான் போய்ப் பார்த்து எழுதச் சொல்கிறேன். இருப்பது எது என்று எழுதிய பிறகு, வெட்டுவதா விடுவதா என்று இதே மண்டபத்தில் கூடிப் பேசுவோம். அதுவரைக்கும் யாரும் அங்கே மண்வெட்டியைப் போட வேண்டாம் என்று பெரியவர்களின் முன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு பீலிக்கரையில் நிற்பேன். கயிறும் குச்சியும் நான் கொண்டு வருகிறேன். பிள்ளைகள் ஒரு கொப்பியும் பென்சிலும் கொண்டு வந்தால் போதும். அட்டைக்கு உப்போ சவர்க்காரமோ எடுத்து வர மறக்காதீர்கள்.